விற்காத நிலமும் விளையும் நிலமும்
நகரோரச் சிறு கமக்காரர் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

உழவின் உயர்வைப் போற்றுதல் தமிழிலக்கியத்துக்குப் புதியதன்று. திருக்குறளில் உழவுக்கென ஓர் அதிகாரம் உண்டு. கம்பர் பெயரால் வழங்கும் ஏரெழுபது முழுவதும் உழவரின் புகழே. ஆயினும் போற்றுதலுக்குச் செலவு எதுவும் இல்லை. நகரொன்றின் ஓரத்தில் எட்டுப் பரப்புத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், அதனை விற்று வங்கியில் இட்டால் வரக்கூடிய வட்டி, வெங்காயத்தால் வரும் வருவாயிலும் அதிகம் என்பதை அறிந்தும், விடியுமுன் இறைப்புக்குப் போகிறார். அவர் செய்வது அறமா, பழக்கமா, பிடிவாதமா? அறமெனின், அவ்வறத்தை அவரிடம் எதிர்பார்க்கும் உரிமை எவருக்கு உண்டு? அயலில் விற்றுவிட்டுப் போனவர் குற்றஞ் செய்தவராவாரா? இவ்வினாக்கள் பொருளியலுக்கு உரியனபோலத் தோன்றுகின்றன. ஆனால் விலை எவ்வளவு என்று சொல்லி முடிக்கும் இடத்திலே பொருளியலின் வேலை முடிந்துவிடுகிறது. விலைக்கு விற்பது தகுமா என்ற வினா அதன் பின்னரே தொடங்குகிறது.

இதனைப் பொதுப்பட எழுப்பினால் விடையும் பொதுப்படையாகவே அமைந்துவிடும். ஆதலின் வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களை நிலைக்களனாகக் கொண்டு நோக்குவது பயனுடையது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1250 மில்லிமீற்றர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான மாரியிற் பெய்து தீர்ந்துவிடும். அம்மழை மண்ணூடாக இறங்கி, சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிற் புகுந்து, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. கிணறே குடாநாட்டின் ஆறு. அப்பாறையின் மேற் கிடக்கும் செம்மண் சில இடங்களில் ஆழமானது. சில இடங்களில் மண்வெட்டி இரண்டாம் முறை இறங்கும்போதே கல்லிற் படும். திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில், இணுவில், உரும்பிராய், கோப்பாய் ஆகிய ஊர்களின் புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் வாழையும் இம்மண்ணிலும் இந்நீரிலும் விளைந்தவை. காணி இங்கே பரப்பால் அளக்கப்படுகிறது. பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். நாலு பரப்பையும் ஆறு பரப்பையும் கொண்டு பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்கள் பல.

இவ்வூர்களிலேதான் நகரமும் வளர்ந்தது. யாழ்ப்பாணம் 1949இல் மாநகரசபையாயிற்று. தெற்கே கடனீரேரி, ஆகவே நகரத்துக்கு வளர இடம் வடக்கே பலாலி வீதியையும் காங்கேசன்துறை வீதியையும் ஒட்டிய தோட்டப்பகுதிகளே. 1974இல் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி வளவில், யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பெற்றது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. விரிவுரையாளருக்கு வீடு வேண்டும்; மாணவருக்கு அறை வேண்டும்; அறையில் இருப்பவருக்குச் சாப்பாட்டுக்கடையும் புத்தகக்கடையும் வேண்டும். ஒவ்வொன்றும் இரண்டு பரப்பு, மூன்று பரப்பாகத் தோட்டத்திலிருந்தே எடுக்கப்பட்டது. நகரோரத்து விளைநிலம் பற்றிப் பல்கலைக்கழகம் பேசும்போது, தான் நிற்கும் அயலைப் பற்றியே அது பேசுகிறது என்பதை மறத்தலாகாது. இதன் பின்னர் வந்தவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை: 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் வெளியேறியமை, 1995இன் பெரும் இடப்பெயர்வு, 2009இன் பின்னர் மீளக் குடியேற்றமும் வெளிநாட்டுப் பணத்தின் வரவும். இவை யாவும் காணியின் தேவையையும் விலையையும் ஒருசேர உயர்த்தின. வேடிக்கை யாதெனின், திருநெல்வேலியும் கொக்குவிலும் இன்றும் மாநகர எல்லைக்கு வெளியே நல்லூர்ப் பிரதேச சபைக்குள் இருக்கின்றன. கட்டடத்தால் நகரமாகிவிட்ட இடம் கடதாசியிற் கிராமமாகவே கிடக்கிறது.

நிலம் எவருடையது என்ற வினாவுக்கு மேலைத்தேய மெய்யியலிற் பெரிதும் எடுத்தாளப்படும் விடை யோன் லொக் 1689இல் வெளியிட்ட நூலிலே தந்தது. மனிதன் தன் உழைப்பை இயற்கையோடு கலக்கிறான், கலந்தது அவனுடைமையாகிறது, பிறருக்கும் போதியதும் நல்லதுமான பங்கு எஞ்சியிருக்குமாயின் அவ்வுடைமை நியாயமானது என்பது அவர் கருத்து. உழைப்பு நிலத்தோடு கலத்தல் என்பது பல நாடுகளில் ஓர் உவமையளவிலேயே நிற்கும். குடாநாட்டில் அது கண்கூடு. பாறையை உடைத்துக் கிணறு வெட்டினார்கள். வெட்டிய கல்லை வரம்பிலும் வேலியோரத்திலும் அடுக்கினார்கள். கிளிசரியாவும் பூவரசங்குழையும் வெட்டித் தாழ்த்தார்கள்; கூரையிலிருந்து இறக்கிய பழைய பனையோலையையும் மண்ணுக்கே கொடுத்தார்கள். மாட்டையும் ஆட்டையும் பட்டியில் அடைத்து எருவாக்கினார்கள். இவ்வாறு பல தலைமுறை உண்டாக்கிய மேல்மண்ணை வெறும் இயற்கைப் பொருள் எனல் பொருந்தாது. அது ஒரு கட்டடத்தைப் போலக் கட்டப்பட்டது. ஒரு வித்தியாசம், கட்டியவர்களின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை.

அப்பெயர்களைத் தேடப் புகுந்தால் லொக்கின் வாதம் காணிச் சொந்தக்காரருக்குச் சாதகமாகவே அமையும் என்று சொல்ல முடியாது. கிணறு வெட்டியவரும் குழை சுமந்தவரும் துலா மிதித்தவரும் பல சந்தர்ப்பங்களில் உறுதியிற் பெயருள்ளவர் அல்லர். சாதியமைப்பினால் நிலமற்றவராக வைக்கப்பட்டோர் பிறர் தோட்டத்தில் உழைத்தனர். தாம் வெட்டிய கிணற்றிலேயே தண்ணீர் அள்ள அவர்களுக்கு உரிமை மறுக்கப்பட்ட காலமும் இருந்தது. 1960களின் பிற்பகுதியில் கோயில் நுழைவுக்காகவும் பொதுக்கிணற்றுக்காகவும் தேநீர்க்கடைச் சமத்துவத்துக்காகவும் நடந்த போராட்டங்கள் அக்காலத்தின் சான்றுகள். ஆகவே, ‘பரம்பரை நிலம், அதனால் அதைக் காக்கவேண்டும்’ என்ற வாதம் முழு வாதமன்று. எவருடைய பரம்பரை என்ற எதிர்வினா அதன் வாசலிலேயே நிற்கிறது. விளைநிலத்தைக் காப்பதற்கு வேறொரு நியாயம் தேவை. அதைத் தேடுமுன், காப்பவர் எவ்வாறு காக்கிறார் என்பதை நோக்குதல் வேண்டும்.

நகரம் நெருங்குந்தோறும் சிறு கமக்காரர் கைகட்டி நிற்கவில்லை. அவர் செய்யும் முதன் மாற்றம் பயிரில் நிகழ்கிறது. 1970 தொடக்கம் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது மிளகாயும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் நல்ல விலை கொடுத்தன. 1977இன் திறந்த பொருளாதாரத்தோடு அவ்விலை ஆட்டங்கண்டது. தூரத்துச் சந்தையை நம்பிய பயிர்கள் தளர்ந்தபோது, நகரின் அண்மையையே தமக்கு வாய்ப்பாக்கிக் கொண்டோர் உளர். கீரை ஒரு மாதத்துக்குள் பறிக்கத் தக்கது. பறித்த காலையிலேயே திருநெல்வேலிச் சந்தைக்குப் போகவேண்டியது. நெடுந்தூரம் ஏற்றிவந்தால் வாடிவிடுவது. ஆகவே தூரத்துப் போட்டியாளர் இல்லாத பயிர் அது. நாலு வீட்டு மதில்களுக்கு நடுவே இரண்டு பரப்பில் கீரையும், ஓரத்தில் வாழையும், வேலியில் முருங்கையும் நிற்பது வறுமையின் அடையாளமன்று. கணக்கறிந்த ஒருவரின் தெரிவு. எந்த நகரம் நிலத்தை விழுங்க வருகிறதோ அந்நகரத்தின் வயிறே அந்நிலத்தைத் தாங்கவும் செய்கிறது.

இரண்டாவது மாற்றம் குடும்பத்தின் உழைப்பைப் பங்கிடுவதில் நிகழ்கிறது. பகலில் உத்தியோகமும் காலையும் மாலையும் தோட்டமும் என்பது யாழ்ப்பாணத்துக்குப் பழைய வழக்கம். பாடசாலைக்குப் போகுமுன் தண்ணீர் மாறிவிட்டுப் போகும் ஆசிரியர் அரிதானவர் அல்லர். இப்பொழுது அதனோடு வாடகையும் சேர்ந்துள்ளது: வீட்டின் முன்னறையை மாணவருக்குக் கொடுத்து, அவ்வருவாயால் பின்புறத்துத் தோட்டத்தைத் தாங்குவோர் உளர். அறைக்குரிய பணம் இல்லையேல் அவ்வருடத்து விதைவெங்காயம் இல்லை. இதைக் கேட்கும் தூயவாதி, இது விவசாயமா என்று வினவலாம். வாடகை தோட்டத்துக்காக வாங்கப்படுகிறதா, தோட்டம் வாடகை வீட்டின் அலங்காரமாகக் கிடக்கிறதா என்பதே வேறுபாடு. முகம் ஒன்றுபோல இருப்பினும் இவை இரண்டும் ஒன்றல்ல. வேறு சிலர் வீதியோரத்து இரண்டு பரப்பை விற்று உள்ளே கிடக்கும் ஆறு பரப்பின் கடனை அடைக்கின்றனர். விரலை வெட்டிக் கையைக் காப்பது போன்ற காரியம் இது. முழுத் தோட்டத்தையும் விற்று வன்னியிற் பெருநிலம் வாங்கிப் போனோரும் உண்டு. அவர்கள் கமத்தைக் காத்தனர், தோட்டத்தைக் காக்கவில்லை. தொழிலுக்கு விசுவாசம் வேறு, மண்ணுக்கு விசுவாசம் வேறு; இரண்டையும் ஒருங்கே வைத்திருக்க எல்லோராலும் இயலாது.

மூன்றாவது வழி குத்தகை. அறத்தின் சிக்கல் முழுவதும் இங்கேதான் முடிச்சிட்டுக் கிடக்கிறது. சொந்தக்காரர் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கிறார், காணியை விற்கவில்லை, அதனால் ஊரில் அவருக்கு நல்ல பெயர். அயலிலுள்ள ஒருவர் ஆண்டுக் குத்தகைக்கு அதைச் செய்கிறார். ஆண்டு முடிவில் மீண்டும் கிடைக்குமா என்பது அவருக்குத் தெரியாது. குழை தாழ்த்தால் அதன் பயன் அடுத்தடுத்த போகங்களிலேயே முழுமையாகத் தெரியும்; அப்போகங்கள் அவருடையனவாக இருக்குமென்ற உறுதி இல்லை. எனவே அவர் உடனே பலன் தரும் இரசாயனப் பசளையை அள்ளி இடுகிறார். இட்ட நைதரசனிற் பயிர் எடுத்தது போக எஞ்சியது நீரோடு இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்பூடாகக் கிணற்றைச் சேர்கிறது. வலிகாமத்தின் செறிவான தோட்டப்பகுதிகளிலுள்ள கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுதியாக இருப்பதை 1980கள் தொடக்கம் ஆய்வுகள் காட்டிவந்துள்ளன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம். வீடுகள் நெருங்கியபின் மலசலகூடக் குழிகளும் அதே நீருக்கே தம் பங்கைச் செலுத்துகின்றன.

இங்கு குற்றவாளி யார்? பசளையிட்டவரின் கை தெரிகிறது. ஆனால் அக்கையை அவ்வாறு இயக்கியது ஓராண்டுக் குத்தகை. விற்காமல் வைத்திருப்பவர் மண்ணின் மேற்கொண்ட பற்றினால் வைத்திருக்கிறாரா, விலை இன்னும் ஏறட்டும் என்று வைத்திருக்கிறாரா என்பது அவருக்கே வெளிச்சம். எப்படியாயினும், விற்காத நிலம் வேறு, விளையும் நிலம் வேறு. பாறுதரையாகக் கிடந்து பற்றை மண்டிய காணியை ‘இன்னும் எங்கள் கையில்’ என்று பெருமை பேசுவதில் அறம் எதுவும் இல்லை. அதேபோல, பயிர் நிற்கும் நிலமெல்லாம் காக்கப்பட்ட நிலம் என்பதும் சரியன்று. தரை தப்பித் தண்ணீர் கெட்டிருப்பின் காத்தது எதனை? குத்தகைக்காரரைக் கண்டிக்குமுன், ஐந்தாண்டுக் குத்தகைக்குச் சொந்தக்காரர் ஏன் அஞ்சுகிறார் என்று கேட்பதே நேர்மை. நீண்டகாலம் செய்தவர் காணிக்கு உரிமை கோருவார் என்ற அச்சம் அது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகையாளருக்குப் பாதுகாப்புத் தர முனைந்தபோது, நாட்டின் பல பாகங்களிற் சொந்தக்காரர் அவர்களை வெளியேற்ற முற்பட்டமை வரலாறு. பாதுகாப்பதற்கென வந்த சட்டத்தின் நிழலைக் கண்டே பாதுகாப்பற்ற குத்தகைகள் தழைத்தன.

கிணற்றுக்கு மீள்வோம். வலிகாமத்திற் பல தோட்டக்கிணறுகள் ஒருவருக்கு உரியன அல்ல. நாலு பேர், ஆறு பேர் பங்காளிகள்; இன்ன நாளில் இன்னாருக்கு இறைப்பு என முறை உண்டு; தண்ணீர் ஒருவர் தறையூடாகச் செல்லும் வாய்க்காலால் மற்றவர் தறையை அடையும். துலா போய் மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது, பின்னர் மின்மோட்டர் வந்தது, முறை போகவில்லை. இவ்வமைப்பில் ஒருவர் தன் தறையை வீடு கட்டுபவருக்கு விற்கும்போது உண்மையில் எதை விற்கிறார்? மண்ணை மட்டுமல்ல. வாய்க்கால் மதிலுக்குள் அகப்படுகிறது. இரண்டு மாடியின் நிழல் அயலவரின் வெங்காயத்தில் விழுகிறது. குழி ஒன்று கிணற்றுக்கு அருகே தோண்டப்படுகிறது. கோடையிற் கிணற்றைச் சேறெடுத்துத் துப்புரவாக்கும் செலவு ஆறு பேருக்குப் பதில் ஐந்து பேரிற் பொறுக்கிறது. பின் நாலு பேரில். பின் இரண்டு பேரில். கடைசியில் எஞ்சுபவர் தம் விருப்பத்தால் விற்றார் என்று ஊர் சொல்லும். அவர் விற்கவில்லை, விற்கப்பட்டார்.

கிரேக்க மெய்யியலாளர் இயூபுலிடீசின் பெயரால் வழங்கும் ஒரு புதிர் உண்டு. மணற்குவியலிலிருந்து ஒரு மணியை எடுத்தால் அது குவியலாகவே இருக்கும். இன்னொன்றை எடுத்தாலும் அப்படியே. எந்த மணியோடு அது குவியல் என்ற நிலையை இழந்தது? தோட்டத்தை விற்பவர் ஒவ்வொருவரும் இப்புதிரின் மறைவில் நிற்கிறார்: ‘என் மூன்று பரப்பால் யாழ்ப்பாணத்தின் விவசாயம் அழிந்துவிடப் போகிறதா?’ அவர் கூற்றுப் பொய்யன்று. ஆனால் தோட்டம் மணற்குவியலன்று. பங்குக்கிணறுகளால் இணைந்த தறைகளில், எத்தனையாவது விற்பனையோடு மற்றவர் தாக்குப்பிடிக்க முடியாது போகும் என்பதை அங்குள்ளோர் நன்கறிவர். மணிகள் ஒன்றையொன்று தாங்குவதில்லை; பங்காளிகள் தாங்குகின்றனர். ஆதலின் விற்பனை தனிமனிதரின் சொந்த விடயம் என்ற வாதம் புதிரின் பாதுகாப்பைப் பெறாது.

இவ்வுண்மையைப் பழைய வழமை ஒருவாறு அறிந்திருந்தது. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையில், காணியை வெளியாருக்கு விற்குமுன் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் சில அயலவருக்கும் அறிவித்து, வாங்கும் முதலுரிமையை அவர்களுக்கு அளிக்கவேண்டும் என்ற முறை இடம்பெற்றது. 1947ஆம் ஆண்டின் முன்னீட்டுரிமைக் கட்டளைச்சட்டம் அதனை ஒழுங்குபடுத்தியது. அதன் நோக்கம் விளைநிலத்தைக் காப்பதன்று. குடும்பத்தின் சொத்தைக் குடும்பத்துள் வைத்திருப்பதே. வேண்டாதவர் எனக் கருதப்பட்டோரை அயலில் வரவிடாது தடுக்கவும் அது உதவியிருக்கும் என்பதை ஒளிக்கவேண்டியதில்லை. ஆயினும், விற்பவர் தனித்து நிற்பவர் அல்லர், அவர் முடிவு பிறரைத் தொடும் என்ற கொள்கை அதன் அடியில் உண்டு. சாதியும் குடும்பமும் நின்ற இடத்தில் மண்ணையும் நீரையும் வைத்துப் பார்ப்பின், முதலுரிமை அக்கிணற்றில் இறைத்துப் பயிர் செய்பவருக்கே — அவர் குத்தகைக்காரராயினும் — போதல் வேண்டும். நாட்டுச் சட்டத்தில் நெற்காணிக்கு ஓரளவு காவல் உண்டு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதியின்றி வயலை நிரப்பலாகாது. நெல்லையே கமமெனக் கொண்ட அச்சிந்தனையில் செம்மண் தோட்டம் பின்வாங்கிலேயே இருத்தப்பட்டது.

பிற நாட்டு அனுபவத்தில் யப்பான் நோக்கத்தக்கது. அங்கு நகரெல்லைக்குள் அகப்பட்ட தோட்டத்துக்கு வீட்டுக்காணிக்குரிய வரியை விதிக்கும் முயற்சி 1970களிற் பெரும் எதிர்ப்பை எழுப்பியது. 1974இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 1991இல் திருத்தப்பட்டது. ஐந்நூறு சதுர மீற்றருக்குக் குறையாத நிலத்தை முப்பதாண்டு விவசாய நிலமாகவே வைத்திருக்க உடன்படுபவருக்கு வரிச்சலுகை என்பது அதன் சாரம். ஐந்நூறு சதுர மீற்றர் ஏறத்தாழ இரண்டு பரப்பு! இரண்டு பரப்பை ஒரு நாட்டுச் சட்டம் பொருட்படுத்துவது குடாநாட்டுக் கமக்காரருக்குச் செய்தியாகவே இருக்கும். 1992இற் பதியப்பட்ட நிலங்களின் முப்பதாண்டு 2022இல் முடிந்தபோது ரோக்கியோவின் தோட்டங்கள் ஒரே நாளில் வீடாகிவிடும் என அஞ்சினர். ஆனால் 2017இல் ஏற்கெனவே பத்தாண்டு நீடிப்புக்கு வழி செய்யப்பட்டிருந்தமையால் பெரும்பாலோர் தொடரவே விரும்பினர். இச்சட்டத்தை அப்படியே பெயர்த்து நடமுடியாது. அங்கே கமக்காரரின் கழுத்தில் இருந்தது வரி. இங்கே இருப்பது கடன், சீதனம், பிள்ளையின் வெளிநாட்டுப் பயணம். எனினும் அச்சட்டத்தில் ஒரு நேர்மை உண்டு: நிலத்தை வைத்திரு என்று சொல்பவர், வைத்திருப்பதற்கான செலவிற் பங்கெடுக்கிறார்.

அந்நேர்மையே இங்கு இல்லாதது. தோட்டத்தை விற்றவரைப் பணத்தாசை பிடித்தவர் எனப் பழித்தல் எளிது. மகளின் திருமணத்துக்குக் காணியோ காசோ கேட்கப்படுகிறது. கேட்பவர் பெரும்பாலும் மாதச்சம்பளம் வாங்கும் மாப்பிள்ளை. சிறுநீரகம் பழுதானவருக்கு மருத்துவச் செலவு இருக்கிறது. விளைச்சல் மலிந்தால் விலை இல்லை. விலை இருந்தால் விளைச்சல் இல்லை. 1990களிற் பொருளாதாரத்தடை பசளையையும் எரிபொருளையும் அரிதாக்கியது. 2021இல் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்திச் சில மாதங்களில் அம்முடிவைக் கைவிட்டது. 2022இல் மண்ணெண்ணெய்க்கு வரிசை. இத்தனைக்கும் நின்று பிடித்தவரிடம், நிலையான சம்பளத்தோடு, நேற்றைய தோட்டத்தில் இன்று கட்டிய வீட்டிலிருந்து ஒருவர், ‘மண்ணை விற்காதீர்கள்’ என்று கூறுவாராயின், அவர் கேட்பது யாதெனின், வசதியுள்ளோரின் நன்மைக்காக வசதியற்றவர் செய்யவேண்டிய ஒரு தானத்தை. தானம் உயர்ந்ததே, கேட்டு வாங்குவது தானமாகாது.

யோன் ஸ்ருவேட் மில்லும், பின்னர் 1879இல் தம் பெருநூலை வெளியிட்ட ஹென்றி ஜோர்ஜும் எழுப்பிய வினா இவ்விடத்திற் பயன்படும். வீதி அகன்றது, பல்கலைக்கழகம் வந்தது, மின்சாரம் வந்தது, காணியின் விலை பன்மடங்காயிற்று. இவற்றில் எதையும் சொந்தக்காரர் செய்யவில்லை. உழைக்காது வந்த அவ்வுயர்வு சமூகத்தின் உழைப்பால் வந்தது. ஆதலின் அதிற் சமூகத்துக்குப் பங்குண்டு என்பது அவர்கள் முடிபு. நியாயமான முடிபுதான். ஆனால் அதனை வாங்கி விற்கும் தரகரிடமும் வெறுங்காணி வைத்திருப்பவரிடமும் முதலிற் கேட்கவேண்டும். பெறுவதை இறைத்துப் பயிர் செய்பவரிடம் சேர்க்கவேண்டும். விற்றால் மட்டுமே கைக்கு வரக்கூடிய விலையுயர்வுக்காக, விற்க விரும்பாத கீரைத் தோட்டக்காரரிடம் வரி கேட்பது, அவரை விற்கச் சொல்வதற்குச் சமம்.

வீடு வேண்டுவோரின் பக்கமும் வெறுங்கையாய் இல்லை. முப்பதாண்டு நலன்புரி நிலையத்தில் இருந்தவருக்கு இரண்டு பரப்பில் ஒரு வீடு ஆடம்பரமன்று. அவர் தேவைக்கும் வெங்காயத்தின் தேவைக்கும் இடையில் எதைத் தேர்வது? இரண்டும் நன்மையே, நன்மையோடு நன்மை மோதும் இடத்தில் எடையை மட்டும் நோக்கினால் தீராது, மீளத்தக்கதா என்பதையும் நோக்கவேண்டும். தோட்டம் எந்த நாளிலும் வீடாகலாம். வீடு மீண்டும் தோட்டமாவதில்லை. அத்திவாரத்துக்காகச் செம்மண் தோண்டப்பட்டு வேறிடத்துக்கு நிரவப் போகிறது, முற்றம் சீமெந்தாகிறது, மழைநீர் வாய்க்காலூடாகக் கடலுக்குப் போகிறது, பாறைக்குக் கீழே செல்லவேண்டிய நீர் செல்வதில்லை. இன்னும் பிறவாதோரின் வாயில் உப்புநீரை வைக்கும் தீர்மானத்தில் அவர்களுக்கு வாக்கில்லை. பாறுதரையும் கல்லுத்தரையும் பாழடைந்து பூட்டிக்கிடக்கும் வளவுகளும் அதே ஊர்களில் இருக்கும்வரை, செம்மண் தறையில் முதல் அத்திவாரம் போடுபவர், வேறு இடம் இல்லை என்பதை நிறுவும் பொறுப்புடையவர். நிறுவ முடியுமாயின், கட்டட்டும்.

இவ்வளவும் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய காரியங்கள் அல்ல. காணியுறுதிகளிற் கிணற்றுப் பங்கும் வாய்க்கால் வழியும் இன்றும் எழுதப்பட்டு வருகின்றன. வீட்டுக்கென வாங்கியவர் உறுதியை வாங்கிப் பெட்டியில் வைக்கிறார்; தமக்கு ஒரு கிணற்றில் ஆறிலொரு பங்கு உண்டென்பதைக் குளிப்பதற்கே நினைக்கிறார். ஆறிலொரு பங்கு சேறெடுக்கும் கூலியிலும் உண்டு. வாய்க்கால் தம் மதிலின் கீழ் ஒரு குழாயாகச் செல்ல இடம்விடுவதிலும் உண்டு. மலசலகூடக் குழியைக் கிணற்றுக்கு எதிர்க்கோடியில் வெட்டுவதிலும் உண்டு. மதில் எழும்புமுன் அப்பங்காளிகள் ஒரு மாலை கிணற்றடியில் இருந்து பேசினால் போதும். கோண்டாவில் பக்கத்தில் மதிலுக்குக் கீழாகக் குழாய் போகும் தறைகள் உள. அவற்றில் இன்னமும் வெங்காயம் நிற்கிறது.